மெல்போர்னில் ஐந்து நாள்: டெஸ்ட் ஆட்டம், சாப்பாடு, கடைத்தெரு

மெல்போர்னுக்குக் குறுகிய பயணம் போகிறவர்கள் பணத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மணியைக் கணக்குப் போடுவதில்லை. அந்த ஊரில் காலை வாருவது மணிதான். நல்ல காபிக்கடைகள் மாலை மூன்று, நான்கு மணிக்கெல்லாம் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிடும். பல உணவகங்களில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு அடுப்பு அணைந்துவிடும். குயின் விக்டோரியா மார்க்கெட் திங்களும் புதனும் திறப்பதில்லை. டெஸ்ட் ஆட்டமோ காலை 10.30க்குத் தொடங்கி மாலை 5.30, சில நாள் ஆறு மணி வரை நீளும். மூன்றையும் ஒரே நாளில் திணித்தால் மூன்றும் அரைகுறையாகும். எந்த நாளில் எது, எத்தனை மணிக்கு எது என்பதை டிக்கெட் போடும்போதே முடிவு செய்துகொண்டால், நான்கைந்து நாளில் மனம் நிறையப் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் விசா. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மின்னணு அனுமதி போதும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு 600 என்ற வகை வருகையாளர் விசா வேண்டும். ஆண்டுக் கடைசியில் விண்ணப்பங்கள் குவியும். ஆட்ட டிக்கெட் விற்பனைக்கு வருகிற சமயத்திலேயே விசா வேலையையும் தொடங்கிவிடுவது நல்லது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் பாக்ஸிங் டே; பாக்ஸிங் டே டெஸ்ட் அன்று, டிசம்பர் 26-இல் தொடங்கும். 1980-இலிருந்து இதுதான் வழக்கம்; 1989-இல் மட்டும் டெஸ்ட்டுக்குப் பதில் ஒருநாள் ஆட்டம் நடந்தது. நடக்குமிடம் எம்.சி.ஜி. என்கிற மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். 1877 மார்ச்சில் உலகின் முதல் டெஸ்ட்டும், 1971 ஜனவரி 5-இல் முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டமும் நடந்த அதே மைதானம். ஒரு லட்சம் பேர் உட்காரலாம். முதல் நாள் பெரும்பாலும் நிரம்பிவிடும். 2024-இல் இந்தியா ஆடியபோது ஐந்து நாளும் சேர்த்து 3,73,691 பேர் வந்தார்கள்.

எந்த நாளுக்கு டிக்கெட் எடுப்பது? இதற்கு ஆடுகளத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எம்.சி.ஜி.யில் குளிர்காலம் முழுக்க ஆஸ்திரேலியக் கால்பந்து நடக்கும். அதனால் கிரிக்கெட் ஆடுகளத்தை வெளியே தனியாக வளர்த்து, கோடையில் கொண்டுவந்து நடுவில் பதிக்கிறார்கள். 2017-இல் இங்கிலாந்தோடு நடந்த ஆஷஸ் தொடரில் அப்படிப் பதித்த ஆடுகளம் உயிரற்றுக் கிடந்து, ஆட்டம் டிராவாகி, சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி. அதற்கு 'மோசம்' என்று மதிப்பெண் போட்டது. அதற்குப் பிறகு புல்லைக் கூடுதலாக விடத் தொடங்கினார்கள். வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கொண்டாட்டம். ஆட்டமும் சீக்கிரம் முடியத் தொடங்கியது. 2021-இல் மூன்றாம் நாள் காலையிலேயே இங்கிலாந்து 68 ரன்னுக்குச் சுருண்டது; ஸ்காட் போலண்ட் 7 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். அந்த வாரம் நான்காம் நாள் டிக்கெட்டை நம்பி விமானம் ஏறியவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. எதிர்முனையில் 2024 இருக்கிறது: கடைசி நாள் தேநீருக்குப் பிறகு 121-க்கு 3 என்று நின்ற இந்தியா 155-க்கு எல்லா விக்கெட்டையும் இழந்தது. ஆகவே முன்கூட்டி வாங்குவதானால் முதல் இரண்டு நாள், அல்லது இரண்டாம், மூன்றாம் நாள் போதும். ஐந்தாம் நாள் டிக்கெட் மலிவு. நான்காம் நாள் மாலை ஆட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் நான் இரண்டாம் நாளைச் சொல்வேன். முதல் நாளின் ஆரவாரம் தனி அழகுதான். ஆனால் இரண்டாம் நாளில் வரிசை குறைவு, நல்ல இருக்கை கிடைக்கும், பெரும்பாலும் இரண்டு அணிகளின் மட்டை வீச்சையும் பார்த்துவிடலாம்.

டிக்கெட் விற்பது டிக்கெடெக். அங்கிருந்து மட்டும் வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வருகிற தளங்களில் பல மறுவிற்பனைக் கடைகள். இருக்கை எண் இல்லாமலேயே விற்பார்கள். டிக்கெட் போனில்தான் வரும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்டருகே போனைத் திறக்கும்போது நெட்வொர்க் திணறும். ஹோட்டலை விட்டுக் கிளம்புமுன்பே டிக்கெட்டை போனின் வாலட்டில் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே போனில் நான்கு பேரின் டிக்கெட் இருந்தால் நால்வரும் சேர்ந்துதான் நுழைய முடியும். குடும்பத்தில் ஒருவர் பின்னால் வருவதாக இருந்தால் முதல் நாளே அவருடையதை அவர் போனுக்கு மாற்றிவிட வேண்டும்.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். காரணம் சூரியன். மெல்போர்ன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 38 டிகிரியில் இருக்கிறது. அங்கே உச்சிவெயில் வடக்கிலிருந்து வரும். பொதுமக்களுக்குக் கிடைக்கிற இருக்கைகளில் பெரும்பகுதி ஷேன் வார்ன் ஸ்டாண்டில், அதாவது தெற்குப் பக்கத்தில். வடக்குப் பக்கம் பெரும்பாலும் கிளப் உறுப்பினர்களுக்கு. ஆக, தெற்கில் முன்வரிசையில் உட்காருகிறவர் வடக்கே பார்த்துக்கொண்டு நண்பகல் வெயிலை முகத்தில் வாங்குவார். பிற்பகலில் சூரியன் மேற்கே சாய்ந்ததும் மேற்குப் பக்க இருக்கைகளுக்குக் கூரை நிழல் தரும்; கிழக்கே உட்கார்ந்தவர்களுக்குக் கண் கூசும். இன்னொன்று: கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பார்கள். அதனால் சூரியன் உச்சியில் நிற்பது பன்னிரண்டுக்கு அல்ல, ஏறக்குறைய 1.20க்கு. மதிய இடைவேளை 12.30 முதல் 1.10 வரை. சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வந்து உட்காருகிற அந்த நேரத்தில்தான் வெயில் உச்சம். "வெயில் நமக்குப் புதுசா" என்று நினைத்துத் தொப்பி இல்லாமல் உட்காராதீர்கள். புற ஊதாக் கதிர் அளவு டிசம்பர், ஜனவரியில் 11-ஐத் தாண்டுவது அங்கே சாதாரணம். காற்று குளுகுளுவென்று இருக்கும்போதும் தோல் எரிந்துவிடும். கருத்த தோலும் தப்பாது. 50 எண் சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேற்புறம் எல்லாம் தடவ வேண்டும். செருப்புப் போட்டு வருகிறவர்கள் பாதத்தை மறந்துவிட்டு, இரவு ஷூ போட முடியாமல் தவிப்பார்கள்.

டிக்கெட்டில் பகுதி எண் எம் என்ற எழுத்தில் தொடங்கினால் தரைத்தளம். கியூ என்றால் உச்சித்தளம். தரைத்தளத்தின் பின்வரிசைகளில் நிழல் உறுதி. ஆனால் மேல்தளத்தின் விளிம்பு குறுக்கே நிற்பதால் உயரே தூக்கி அடித்த பந்து கண்ணிலிருந்து மறைந்து, எங்கோ விழும்போதுதான் தெரியும். உச்சித்தளத்தில் ஃபீல்டிங் அமைப்பு முழுக்க வரைபடம் போலத் தெரியும், பந்து கடுகளவாகிவிடும். எட்டு மடங்கு பெரிதாக்கும் சிறு பைனாகுலர் இருந்தால் மேல்தளமே எனக்குப் பிடித்தது. ஆடுகளம் வடக்கு தெற்காக ஓடுகிறது. எனவே தெற்கு ஸ்டாண்டின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் வீச்சாளரின் கைக்குப் பின்னாலிருந்து பந்தின் திருப்பத்தைப் பார்க்கலாம். அங்கே ஓவர் நடுவில் எழுந்து நடமாடக் கூடாது. மட்டை வீச்சாளர் கையை உயர்த்தி ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். பக்கவாட்டில் உட்கார்ந்தால் வேகம் தெரியும், திருப்பம் தெரியாது.

சின்ன ஏ.எம். ரேடியோ ஒன்றும் இயர்போனும் எடுத்துப் போங்கள். ஏ.பி.சி. மெல்போர்ன் வானொலியில், 774 அலைவரிசையில் வர்ணனை வரும். போனில் இணையம் வழியாகக் கேட்டால், விக்கெட் விழுந்து கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகுதான் வர்ணனையாளர் ஓடிவரும் வீச்சாளரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வானலையில் அந்தத் தாமதம் கிடையாது.

மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் டிசம்பரில் எதற்கு என்று கேட்கத் தோன்றும். உள்நாட்டிலிருந்து வடக்குக் காற்று வீசும் நாளில் காலையிலேயே 35, 38 டிகிரி ஏறும். பிற்பகலில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று திரும்பினால் அரை மணியில் 15 டிகிரி இறங்குவது உண்டு. காலையில் பனியனோடு வந்தவர் மாலையில் நடுங்குவார். முன்னறிவிப்பில் அதிகபட்ச வெப்பத்தை மட்டும் பார்க்காதீர்கள். காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மைதானத்துக்குள் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடிப் பாட்டில், டின், மது கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் சரி. உள்ளே குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். பை இருக்கைக்கு அடியில் அடங்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே வந்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். ஆனால் இதற்கெல்லாம் முன்னேற்பாடு 24-ஆம் தேதியே தொடங்க வேண்டும். 25-இல் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். ரொட்டி, வாழைப்பழம், தயிர், கொறிக்க ஏதாவது எல்லாம் 24 மாலைக்குள் வாங்கிவைத்துவிடுங்கள். 25 அன்று சாப்பாட்டுக்கு சைனா டவுன்தான் கை கொடுக்கும். லிட்டில் போர்க் தெருவில் பல கடைகள் திறந்திருக்கும்.

உள்ளே வாங்கிச் சாப்பிடுவதென்றால் 12.30க்கு எழுந்து போகாதீர்கள். அந்த நாற்பது நிமிடமும் வரிசையிலேயே போய்விடும். பன்னிரண்டு மணிவாக்கில், இரண்டு ஓவரைத் தியாகம் செய்துவிட்டுப் போய் வாங்கிவந்தால் இடைவேளையில் நிதானமாகச் சாப்பிடலாம். இறைச்சி பை அந்த மைதானத்தின் சாப்பாடு. உள்ளங்கை அளவு மாவுக் கூடு, உள்ளே குழம்பாக மாட்டிறைச்சி, மேலே தக்காளி சாஸ். வெறுமனே 'மீட்' என்று எழுதியிருந்தால் மாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாடு சாப்பிடாதவர்கள் 'சிக்கன்' என்று எழுதியிருப்பதைத் தேட வேண்டும். பேஸ்டி என்பது உருளை, கேரட் போட்ட சோமாஸ் மாதிரித் தெரியும். உள்ளே கொத்திறைச்சியும் பெரும்பாலும் இருக்கும். வறுத்த உருளைச் சிப்ஸ் மீது மஞ்சளாக ஒரு பொடி தூவுவார்கள், சிக்கன் சால்ட் என்று பெயர். சிலவற்றில் கோழியே கிடையாது, சிலவற்றில் உண்டு. சைவர்கள் 'சாதா உப்பு' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. டிம் சிம் மெல்போர்னில் பிறந்த பண்டம்: முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்த தடித்த உருண்டை, ஆவியில் வேகவைத்தும் கிடைக்கும், பொரித்தும் கிடைக்கும். அதில் என்ன இறைச்சி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பன்றியும் ஆடும் கலந்திருப்பது உண்டு.

சைவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேர்த்தி. மெனுவில் 'வி' என்ற குறி வெஜிடேரியன். 'விஜி' அல்லது 'விஇ' என்றால் பால், முட்டை எதுவும் இல்லாதது. முட்டை தவிர்ப்பவர்களுக்கு இரண்டாவது குறிதான் பாதுகாப்பு. வியட்நாமியக் கடையில் காய்கறி நூடுல்ஸ் கேட்டாலும் சாறு மாட்டெலும்பில் கொதித்ததாக இருக்கலாம், மீன் சாஸும் விட்டிருக்கலாம். 'சாய்' என்ற சொல் அவர்கள் மொழியில் சைவத்தைக் குறிக்கும். பலகையில் அந்தச் சொல் இருந்தால் நம்பி உட்காரலாம். பான் மீ என்ற வியட்நாமிய சாண்ட்விச் ரொட்டியில் டோஃபு வைக்கச் சொன்னால் வைத்துவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்பே ரொட்டியின் உள்புறம் ஈரல் விழுது ஒரு பூச்சு பூசியாகிவிட்டிருக்கும். ரொட்டியைக் கீறுகிற முன்பே "பாட்டே வேண்டாம், மயோனைஸ் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. ஸ்கைபஸ் என்ற பேருந்து நகரத்து சதர்ன் கிராஸ் ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விடும். நகர மையத்திலும் டாக்லேண்ட்ஸிலும் டிராம் இலவசம். அந்த எல்லைக்குள் மட்டும் போவதானால் மைக்கி என்ற பயண அட்டையைத் தட்டாதீர்கள். தட்டினால் காசு போய்விடும். எம்.சி.ஜி. இலவச எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஃபிளிண்டர்ஸ் தெருவிலிருந்து ரிச்மண்ட், ஜோலிமாண்ட் இரண்டும் ரயிலில் ஒரே நிறுத்தம். ஆனால் நடப்பதே சிறப்பு. ஃபெடரேஷன் ஸ்கொயரிலிருந்து பிர்ராரங் மார் பூங்கா வழியாக, வில்லியம் பராக் பாலம் ஏறினால் இருபது நிமிடத்தில் மைதானத்து விளக்குக் கம்பத்தடியில் நிற்பீர்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் ரிச்மண்ட் பிளாட்ஃபாரத்தில் மொய்க்கும்போதும் இதே பாதை காலியாகவே இருக்கும்.

ஆட்டம் முடிகிற நேரம் இரவு சாப்பாட்டுக்குச் சரியான நேரம். ஹோட்டலுக்குப் போய்க் குளித்துவிட்டு எட்டரைக்குக் கிளம்பலாம் என்று நினைத்தால் நல்ல கடைகள் தவறிவிடும். மைதானத்திலிருந்து வடக்கே அரை மணிக்குள் நடந்தால் விக்டோரியா தெரு. வியட்நாமியக் கடைகள் வரிசையாக இருக்கும். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒரு பெரிய கிண்ணம் ஃபோ, அதாவது சாறோடு நூடுல்ஸ், சுமார் 16 முதல் 20 டாலர். கோழி வேண்டுமானால் 'ஃபோ கா', மாடு என்றால் 'ஃபோ போ'. உடன் ஒரு தட்டில் முளைப்பயறு, துளசி மாதிரி மணக்கும் இலை, எலுமிச்சை, மிளகாய் வரும். சாறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே முளைப்பயறை அமுக்கிவிட வேண்டும். ஆறின பிறகு போட்டால் பச்சை வாசம் போகாது. ஹலால் தேடுபவர்களுக்கு பிரன்ஸ்விக் பகுதியில் சிட்னி ரோடு நெடுகக் கடைகள் உண்டு. தோசை, சாம்பார் வேண்டுமானால் ஃபுட்ஸ்க்ரேயிலும் டேண்டினாங்கிலும் கிடைக்கும். பெரியவர்கள் உடன் வந்திருந்தால் ஒரு வேளை அங்கே போவது நியாயம். இல்லையென்றால் நான்கு நாளில் ஒரு வேளையை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறவர்களுக்கு: மெனுவில் போட்டிருக்கும் விலையில் 10 சதவீத வரி அடக்கம். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை 10 சதவீதம், அரசு விடுமுறை நாளில் 15 சதவீதம் என்று கூடுதல் கட்டணம் போடுவது பரவலான வழக்கம். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். டிசம்பர் 26 அரசு விடுமுறை. கார்டு தேய்த்தால் ஒன்று, ஒன்றரை சதவீதம் தனி. தண்ணீர் கேட்கும்போது 'டேப் வாட்டர்' என்றே கேளுங்கள்; வெறும் 'வாட்டர்' என்றால் காசுப் பாட்டில் வந்துவிடும். மது உரிமம் உள்ள இடங்களில் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சட்டம். குழாய்த் தண்ணீர் குடிக்க மிக நன்றாகவே இருக்கும்.

காபியை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஏமாற்றம் அடைவது தமிழர்கள்தான். பாலை 60, 65 டிகிரிக்குத்தான் சூடாக்குகிறார்கள். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பு கெடும் என்பது அவர்கள் கணக்கு. பொங்கி வழிகிற பாலில் ஃபில்டர் காபி குடித்த நாக்குக்கு அது ஆறின காபி. 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று கேட்டால் ஏற்றித் தருவார்கள். சர்க்கரை போட மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும். ஃபிளாட் வைட்டில் நுரை மெல்லிசு, லாட்டேயில் சற்றுத் தடிப்பு. டிகாக்‌ஷன் தூக்கலாக வேண்டுமென்றால் 'மேஜிக்' கேளுங்கள். சிறு கோப்பையில் இரட்டை டிகாக்‌ஷன், முக்கால் அளவுக்குத்தான் பால். மெல்போர்னில் பிறந்த அளவு இது. நம் நாக்குக்கு மிக அருகில் வருவது இதுதான். டெகிரேவ்ஸ் தெரு, சென்டர் பிளேஸ் போன்ற சந்துகளில் காலை ஏழரைக்கு நின்று குடித்துவிட்டு மைதானத்துக்கு நடக்கலாம். ஆட்ட நாளில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே தட்டு வைத்துச் சாப்பிடுகிற பிரஞ்ச் வேண்டாம். உட்கார இடம் கிடைக்கவே முக்கால் மணி ஆகும்.

மார்க்கெட்டுக்கு ஆட்டம் இல்லாத ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். குயின் விக்டோரியா மார்க்கெட் 1878-இலிருந்து இயங்குகிறது. செவ்வாய், வியாழன், வெள்ளி காலை ஆறிலிருந்து பிற்பகல் மூன்று வரை. சனி, ஞாயிறு நேரம் மாறும். இரண்டு மணிக்குமேல் போனால் மீன் கடைக்காரர்கள் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். உள்ளே பால்பொருள் கூடத்தில் கீரையும் சீஸும் வைத்துச் சுட்ட போரெக் என்ற துருக்கிப் பண்டம், கைக்கு அடக்கமான காலைச் சாப்பாடு. வெளியே 1950-இலிருந்து ஒரு வேனில் ஜாம் டோனட் போடுகிறார்கள். அதை வாங்கினவுடன் கடிக்கக் கூடாது. வெளிமாவு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்; உள்ளே ஜாம் எண்ணெய்ச் சூட்டிலேயே நிற்கும். ஜாம் செலுத்திய ஓட்டையை முகத்துக்கு எதிரே இல்லாமல் மேலே பார்க்கப் பிடித்து, இரண்டு நிமிடம் பொறுத்து, ஓட்டைப் பக்கத்திலிருந்தே கடித்தால் சட்டை தப்பும்.

இனி கடைத்தெரு. 26-ஆம் தேதி போர்க் ஸ்ட்ரீட் மாலில் மையர், டேவிட் ஜோன்ஸ் என்ற இரண்டு பெரிய கடைகளும் விடியற்காலையிலேயே தள்ளுபடிக்குக் கதவைத் திறக்கும். அதற்கும் போய், 10.30 ஆட்டத்துக்கும் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை, தள்ளுபடி பல நாள் நீடிக்கும். 28 வாக்கில் கூட்டம் வடிந்த பிறகு போனால் அளவு பார்த்து வாங்கலாம். ஆண்கள் ஷூ அளவு பிரிட்டிஷ் எண்ணோடு ஒத்துப்போகும். பெண்களுடையது பெரும்பாலும் அமெரிக்க எண். போட்டுப் பார்க்காமல் வீட்டில் இருப்பவர்களுக்கு வாங்கிப்போனால் மாறிவிடும். மின்சாதனம் வாங்கினால் பிளக் சாய்ந்த இரட்டைப் பட்டை வடிவில் இருக்கும். மின்னழுத்தம் 230 என்பதால் மாற்றுப் பின் மட்டும் போதும். வியாழன், வெள்ளி மட்டும் நகரக் கடைகள் இரவு ஒன்பது வரை. மற்ற நாளில் ஆறு, ஏழுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். "பிடிக்கவில்லை" என்று திருப்பிக் கொடுத்தால் காசு தந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. பழுது என்றால் உண்டு. ஆட்டுத்தோல் அக் பூட்ஸ் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே 'அக்' என்பது ஒரு காலணி வகையின் பொதுப்பெயர், ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதல்ல. பச்சை முக்கோணத்துக்குள் பொன்னிறக் கங்காரு போட்ட 'ஆஸ்திரேலியன் மேட்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கிரிக்கெட் மட்டையை அங்கே வாங்குவது வீண் சுமை. கூக்கபுரா பந்து ஒன்று வாங்கினால் பொருளுண்டு, அது மெல்போர்ன் கம்பெனி. டிம் டாம் சாக்லேட் பிஸ்கட், மக்கடாமியா கொட்டை, தேன் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். வாரத் தள்ளுபடி புதன்கிழமை மாறும். டிம் டாம் அடிக்கடி பாதி விலைக்கு வரும்.

டிசம்பரில் முடியாதவர்கள் மார்ச் முதல் செப்டம்பர் வரை போனால் அதே மைதானத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து பார்க்கலாம். பதினெட்டு பேர் கொண்ட அணி, நான்கு கால் பகுதிகள். நடு இரண்டு கம்பத்துக்கிடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்குள் போனால் 1. ஸ்கோர் பலகையில் மூன்று எண் இருக்கும். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் போதும். மழை, குளிர் இரண்டுக்கும் தயாராகப் போக வேண்டும். ஆட்டமே இல்லாத நாளில் மூன்றாம் கேட் வழியாக மைதானச் சுற்றுலாவும் விளையாட்டு அருங்காட்சியகமும் உண்டு.

பெட்டி கட்டும்போது இரண்டு விஷயம். போகும்போது: பால் கலந்த இனிப்புகளை எடுத்துப் போகாதீர்கள். பால்கோவா, பர்ஃபி, குலாப் ஜாமூன் எல்லாம் விமான நிலையத்திலேயே தடுக்கப்படும். கால்நடை நோய் பயத்தால் வைத்த விதி. கறிவேப்பிலை, விதை, பச்சைக் காய்கறி கூடாது. மண் ஒட்டிய விளையாட்டு ஷூவைக் கழுவி வையுங்கள். எந்தத் தின்பண்டம் இருந்தாலும் வருகை அட்டையில் 'உண்டு' என்று குறித்துவிடுங்கள். குறித்துவிட்டால் பொருளைப் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர்.

திரும்பும்போது: வரித் திருப்பம். ஒரே கடையில் 300 டாலருக்கோ அதற்கு மேலோ, கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியிருந்தால் வரி திரும்பக் கிடைக்கும். பில் தொகையைப் பதினொன்றால் வகுத்தால் வருவதுதான் திரும்பும் பணம். 330 டாலருக்கு 30. ஒரே கம்பெனியின் பல பில்களைக் கூட்டிக் காட்டலாம், இரண்டு கம்பெனியைக் கூட்ட முடியாது. வரி எண் போட்ட முழு பில் வேண்டும். கார்டு சீட்டு செல்லாது. 1000 டாலரோ அதற்கு மேலோ ஆனால் பில்லில் வாங்கியவர் பெயர் இருக்க வேண்டும், அதைக் கடையிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். விவரங்களை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பினால் ஒரு கியூ.ஆர். குறி வரும், கவுண்டரில் வரிசை பாதியாகும். கவுண்டர் பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. விமானம் கிளம்ப அரை மணி முன்பு வரைதான் ஏற்பார்கள். பொருளைப் பார்க்கக் கேட்பார்கள், எனவே செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட்டால் பணம் போச்சு. கைப்பையில் கொண்டுபோக முடியாத பெரிய பொருளும் திரவமும் இருந்தால், செக்-இன்னுக்கு முன்பே எல்லைப் படை அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். தேன் ஜாடியும், ரொட்டியில் தடவுகிற வெஜிமைட்டும் சாப்பாட்டுப் பொருள் என்பதால் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேராது. 100 மில்லிக்கு மேற்பட்டவை கைப்பையிலும் வராது, அவற்றைப் பெட்டிக்குள் துணி நடுவே சுருட்டி வையுங்கள். ஆட்டுத்தோல் பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே கவுண்டரில் நிற்கலாம். அணிந்திருந்தாலும் செல்லும்; பில் மட்டும் கையில் இருக்க வேண்டும்.